ஐந்து மணிக்கு மைக் பேசவில்லை

வைத்திக்குப்பத்தில் கடல் யாருடையது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். மைக் யாருடையது என்று கேட்டால் ஒரே பதில்தான். மண்ணாங்கட்டியுடையது.

பெயரைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். அவருக்கு முன்னால் பிறந்த இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. மூன்றாவதாவது தங்கட்டும் என்று, எமனே எடுத்துப்போகக் கூச்சப்படும்படியான பெயராகப் பார்த்து வைத்தார்கள். ஐம்பத்தாறு வயதுவரை எமன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஆதார் எடுக்கப் போனபோது கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் மட்டும், "வேற பேரு ஏதாவது இருக்குதுங்களா?" என்று கேட்டாள். "இதுவே நல்லாத்தானம்மா ஓடிக்கிட்டிருக்குது," என்றார்.

நாற்பத்தைந்து வயதில் படகு எஞ்சினைத் தூக்கி மாட்டும்போது வலது தோள்பட்டை இறங்கிவிட்டது. வலை இழுக்க முடியாத ஆளைக் கடல் வேலைக்கு வைத்துக்கொள்ளாது. பஞ்சாயத்தார் கூடி, குரல் நன்றாக இருக்கிறதே என்று மைக்கைக் கொடுத்தார்கள். கோயிலை ஒட்டிய பஞ்சாயத்துக் கொட்டகையில் ஓர் ஆம்ப்ளிஃபயர், கம்பத்தின் மேல் வடக்கே ஒன்றும் தெற்கே ஒன்றுமாக இரண்டு குழாய் ஸ்பீக்கர். தெற்கு ஸ்பீக்கர் குருசுக்குப்பம் வரை கேட்கும் என்பது மண்ணாங்கட்டியின் கணக்கு. குருசுக்குப்பத்துக்காரர்கள் இதை ஒப்புக்கொண்டதில்லை.

மாலை ஐந்தரை மணிக்குப் படகுகள் வலையோடு இறங்கும். இரவு முழுக்க வலையை மிதக்கவிட்டு, விடிந்து திரும்பும். எனவே சொல்ல வேண்டியதை ஐந்து மணிக்குச் சொல்லிவிட வேண்டும். காற்று வருகிறது, கடல் கொந்தளிக்கப் போகிறது என்றால் மைக் பேசும்: "யாரும் எறங்க வேணாம்." சொன்னால் சொன்னதுதான், ஒரு படகும் நகராது. மீறினால் பஞ்சாயத்தில் நிற்க வேண்டும். சொல்ல ஒன்றுமில்லாத நாளில் மைக் பேசாது. மைக் பேசாவிட்டால் கடல் திறந்திருக்கிறது என்று பொருள். இது எந்த நோட்டிலும் எழுதப்படவில்லை. எழுதாமலேயே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எழுதியிருந்தால் யாராவது ஒருவர் படித்துவிட்டு, இதில் ஒரு ஓட்டை இருக்கிறதே என்று கேட்டிருக்கக்கூடும்.

ஸ்மார்ட்போன் வந்தது மகள் சத்யப்பிரியா மூலம். காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் அவள் எழுத்தர். "மீன்வள ஆபீஸ்ல கமலக்கண்ணன் சார் ஒரு குரூப் வெச்சிருக்காருப்பா. தெனம் நாலரைக்குக் கடல் எப்படின்னு ஒரு மெசேஜ் போடுவாரு. நீ அதப் பாத்துட்டு மைக்ல சொன்னா போதும்," என்றாள்.

போதும் என்ற அந்தக் கடைசிச் சொல்லைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மண்ணாங்கட்டி கேட்டுக்கொண்டார்.

முதல் வருடம் அவர் அதை மட்டும்தான் பார்த்தார். ஒருநாள் நாலரைக்கு எச்சரிக்கை வந்தது. ஐந்துக்கு மைக் பேசியது. வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்ததால் ஆட்கள் முணுமுணுத்தார்கள். ஆனாலும் இறங்கவில்லை. எட்டு மணிக்குக் கிளம்பிய காற்றில் கரையில் கட்டியிருந்த படகுகளே ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு உடைந்தன. மறுநாள் டீக்கடையில் மண்ணாங்கட்டிக்கு யாரோ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். அதுவரை அவர் நின்றுகொண்டே டீ குடிக்கிறவர்.

அந்த நாற்காலிதான் அவரைக் கெடுத்தது. ஒரு செய்தி இத்தனை உயிரைக் காப்பாற்றுமென்றால் நூறு செய்தி எத்தனை உயிரைக் காப்பாற்றும் என்று அவர் பெருக்கிப் பார்த்தார். பெருக்கல் சரி. அந்தக் கணக்கைப் பெருக்கலில் போட்டதுதான் தவறு.

கடலூர்க் குழுவில் சேர்ந்தார். பிறகு நாகப்பட்டினம், ராமேஸ்வரம், தெலுங்கு தெரியாமலேயே மசூலிப்பட்டினம். 'வங்கக்கடல் வானிலை நண்பர்கள்' நிரம்பிவிட்டதால் 'வங்கக்கடல் வானிலை நண்பர்கள் இரண்டு.' 'கடலோர உண்மைச் செய்திகள்' என்று ஒன்று. அதிலிருந்து சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தவர்கள் தொடங்கிய 'உண்மையான கடலோர உண்மைச் செய்திகள்' என்று இன்னொன்று. அதில் இவரே அட்மின். கிரக நிலையை வைத்துப் புயல் சொல்லும் ஒருவர். காற்றைப் பச்சையும் மஞ்சளும் சிவப்புமாக ஓடவிட்டுக் காட்டும் நான்கு செயலிகள். மூன்றாம் வருடம் முடியும்போது அறுபத்துமூன்று குழுக்கள். நாயன்மார் கணக்கு. நாயன்மார்களாவது ஒருவர் சொன்னதையே இன்னொருவர் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கவில்லை.

சோம்பேறியாக இருந்து அவர் இதைச் செய்யவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். விடியற்காலையில் எழுந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு நோட்டில் தேதி போட்டுக் குறித்துக்கொள்வார். தனக்குத் தெரியாமல் ஒன்று வந்து, அதனால் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். அந்தப் பயம் உண்மையானது.

"உப்பு வாங்கியாங்கன்னு அனுப்புனா வெறுங்கையோட வருவாரு," என்பாள் மனைவி அஞ்சலாட்சி, பெரிய மார்க்கெட்டில் பக்கத்து மீன் கடைக்காரிகளிடம். "ஜப்பான்ல பூமி ஆடுனா மட்டும் நம்ம வூட்ல மொதல்ல தெரியும்."

மைக்கும் பேச ஆரம்பித்தது. முன்பு மாதத்துக்கு நான்கு நாள் பேசிய மைக் இப்போது தினமும் பேசியது. வங்கியிலிருந்து பேசுவதாக யார் பேசினாலும் நம்பர் கொடுக்க வேண்டாம். ஆதாரில் கைரேகை புதுப்பிக்க வேண்டும். பேட்டரி வெடிக்கும், தலையணைக்கடியில் போனை வைக்காதீர். மீன் இருக்கும் இடத்தை மேலே பறந்து பார்க்கும் ட்ரோன் கேரளாவுக்கு வந்துவிட்டது. ஒருநாள், "ஏ.ஐ. என்ற ஒன்று வந்திருக்கிறதாகத் தகவல். எல்லாரும் ஜாக்கிரதையாக இருக்கவும்" என்றார். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் ஒரு தடவை கடலைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பின்னலைத் தொடர்ந்தார்கள்.

ஒரு புதன்கிழமை அவர் படித்த பன்னிரண்டு அறிவிப்புகளில் எட்டாவது இது: அரசு ஒவ்வொரு படகுக்கும் ஒரு பெட்டி தருகிறது, செயற்கைக்கோள் வழியாகக் கரையோடு செய்தி பேசும், டவர் தேவையில்லை, படகில் பொருத்திக்கொள்ளவும். ஏழாவது, போலி மீன் மசாலா பற்றியது. ஒன்பதாவது, தங்கம் விலை. பெட்டியை எல்லோரும் வாங்கிவந்தார்கள். இலவசமாகக் கொடுப்பதை வாங்காமல் இருப்பது மரியாதை இல்லை. பெரும்பாலானவர்கள் அட்டைப்பெட்டியைப் பிரிக்காமல் பரண்மேல் வைத்தார்கள். அதில் ஒருவன் வடிவேல், அஞ்சலாட்சியின் தம்பி.

மைக்கில் சொன்னது போதாதென்று மண்ணாங்கட்டி எல்லாவற்றையும் எல்லோருக்கும் அனுப்பினார். ஒவ்வொன்றின் தலையிலும் 'மிக முக்கியம்.' அனுப்பிய பிறகு போன் போட்டு விசாரிப்பார், முதலில் வடிவேலை.

"மச்சான், அனுப்புனனே, பாத்தியா?"

"வலையில இருக்கேன் மாமா."

"பாத்துட்டுப் பேசு. முக்கியம்."

"போன வாட்டி முக்கியம்னு அனுப்புனியே, வாழப்பழத்த எந்த நேரத்துல துன்னணும்னு. அதே முக்கியமா, இல்ல வேற முக்கியமா?"

"நீயெல்லாம் பட்டாத்தான் திருந்துவ."

இந்த வாக்கியத்தை ஊரில் எல்லோரும் எல்லோரிடமும் சொல்வார்கள். பிறகு நினைத்துப் பார்க்க நேரும் என்று எண்ணி யாரும் சொல்வதில்லை.

ஐப்பசியில் ஒரு குரல் பதிவு வந்தது. அதிகாரி தோரணையில் ஓர் ஆண் குரல்: வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு, அடுத்த நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம். அரை மணிக்குள் பதினேழு குழுக்களில் அதுவே வந்தது. பதினேழு பேரா தவறாகச் சொல்வார்கள்? மைக் பேசியது. படகுகள் நின்றன.

முதல் நாள் வெயில். இரண்டாம் நாளும் வெயில். பக்கத்துக் குப்பங்களின் படகுகள் கானாங்கெளுத்தியை மூட்டை மூட்டையாக இறக்கின. வைத்திக்குப்பத்துப் பெண்கள் அடுத்த ஊர்க் கரைக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்துவந்து விற்றார்கள். இரண்டாம் நாள் மாலை சத்யப்பிரியா விசாரித்துச் சொன்னாள். அந்தக் குரல் பேசியது இரண்டு வருடத்துக்கு முன்னால். அந்தப் புயல் வந்து, போய், நிவாரணமும் கொடுத்து முடித்திருந்தார்கள்.

டீக்கடையில் நாற்காலி அப்படியேதான் இருந்தது. அதில் யாரோ காலை நீட்டி வைத்திருந்தார்கள்.

"வா மண்ணாங்கட்டி. சுனாமி எப்ப? போன வாரம் வந்துச்சா?"

பஞ்சாயத்துத் தலைவர் ராஜா கோபக்காரர் அல்ல. தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். "வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி நாலு எடத்துல கேட்டுக்கய்யா. சனங்க வயிறு இது."

"இனிமே நாலு எடம் ஒத்துக்காம மைக்கத் தொடமாட்டேங்க," என்றார் மண்ணாங்கட்டி. கோயில் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார். சத்தியம் செய்கிறவனை யாரும் சந்தேகப்படுவதில்லை. அந்தச் சத்தியம் எந்த நாளில் வேலை செய்யும் என்று கேட்பதும் இல்லை.

கார்த்திகை மாதம், வெள்ளிக்கிழமை. நாலு இருபத்தைந்துக்குக் கமலக்கண்ணன் சாரின் செய்தி வந்தது. மூன்று வரி. தென்மேற்கு வங்கக்கடல், இன்று இரவு முதல் மணிக்கு ஐம்பத்தைந்து கிலோமீட்டர் வரை சூறைக்காற்று, கடலுக்குச் செல்ல வேண்டாம்.

அது வந்த நேரத்தில் மண்ணாங்கட்டியின் போனில் படிக்காத செய்திகள் அறுநூற்றுச் சொச்சம் இருந்தன. மேலிருந்து தள்ளிக்கொண்டே வந்தவர் நாலே முக்காலுக்கு அதைக் கண்டுபிடித்தார். இதுவரை எல்லாம் சரி. இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

அவர் நாலு இடத்தில் கேட்க உட்கார்ந்தார்.

ஒரு செயலி பச்சை காட்டியது. இன்னொன்று மஞ்சள். கடலூர்க் குழுவில் ஒருவர் 'வதந்தி, நம்ப வேண்டாம்' என்று போட்டிருந்தார். அது எந்தச் செய்தியைப் பற்றி என்று தெரியவில்லை. 'நண்பர்கள் இரண்டு' குழுவில் வானிலை சொல்லும் தம்பி நாற்பது நிமிட வீடியோ போட்டிருந்தான். முதல் பதினைந்து நிமிடம் தன்னைக் குறை சொன்னவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். தள்ளிப் பார்க்கலாமென்றால், முக்கியமானது அந்தப் பதினைந்து நிமிடத்துக்குள் இருந்துவிட்டால்?

அஞ்சலாட்சி மீன் கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து வாசலில் நின்றாள். "மணி அஞ்சாவுது. ஒண்ணும் சொல்லலியா?"

"பாத்துக்கிட்டிருக்கேன்."

"ஆபீஸ்லேந்து இன்னா போட்டிருக்காங்க?"

"போவ வேணாம்னுதான் போட்டிருக்காங்க."

"அப்புறம் இன்னா பாக்கறீங்க?"

"ஒரு எடம்தாண்டி ஆயிருக்குது. இன்னும் மூணு எடம் இருக்குது."

"சொல்லிடுங்க. பொய்யா போனா போவட்டும். ரெண்டு நாள் சிரிப்பானுங்க, அவ்ளோதான்."

"நீ சிரிப்புக்கு நடுவுல நின்னு பாத்தியா?" என்றார் மண்ணாங்கட்டி.

ஐந்து மணி ஆனது. மைக் பேசவில்லை.

கரையில் ஆட்கள் பத்து நிமிடம் காத்திருந்தார்கள். ஐப்பசிச் சங்கதிக்குப் பிறகு மைக்கைப் பார்த்துச் சிரிக்கிறார்களே தவிர, அதைக் கேட்காமல் இறங்குகிற பழக்கம் இன்னும் வரவில்லை. பேச்சில்லை. அதனால் கடல் திறந்திருக்கிறது. மூன்று படகுகள் இறங்கின. முதலில் இறங்கியது வடிவேலின் படகு. கூட முத்து. முத்துவுக்கு முப்பத்தைந்து வயது. வடிவேலோடு ஒன்பது வருடமாகப் போகிறவன். புறப்படும்போது மனைவி சுமலதாவிடம், காலையில் கடைக்குப் போகாமல் தனக்காகக் காத்திருக்கும்படி சொன்னானாம். எதற்கு என்று சொல்லவில்லை.

நாலாவது இடம் ஒத்துக்கொண்டது ஆறே முக்காலுக்கு. மண்ணாங்கட்டி கொட்டகைக்கு ஓடினார். மைக் பேசியது. கரையில் நாய்களும், இறங்காத படகுகளும், அந்தப் படகுகளின் ஆட்களும் கேட்டார்கள்.

பிறகு போன் போட்டார். முதல் படகு எடுத்தது, திரும்பியது. இரண்டாவது படகு எடுத்தது, திரும்பியது. வடிவேலின் போன் அடித்தது. முழுதாக அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் குரல் சொன்னது. தமிழில் சொன்னது, பிறகு இந்தியில், பிறகு ஆங்கிலத்தில். அவர் மூன்றையும் முழுதாகக் கேட்டார்.

கமலக்கண்ணன் சாருக்குச் சொன்னார்கள். அவர் கடலோரக் காவல்படைக்குச் சொன்னார். அந்தப் பெட்டி படகில் இருந்தால் இடம் தெரியுமே என்று அவர் கேட்டபோது, வடிவேலின் மனைவி பரணிலிருந்து அட்டைப்பெட்டியை இறக்கிவந்து கொட்டகை வாசலில் வைத்தாள். யாரும் அதைத் தொடவில்லை.

அந்த ராத்திரியைப் பற்றி எழுத வேண்டியதில்லை. கடற்கரை ஊர்களுக்கு அது தெரியும். மற்றவர்களுக்குச் சொல்லிப் புரியாது.

சனிக்கிழமை பிற்பகல் கடலூர்ப் பக்கத்து விசைப்படகு ஒன்று வடிவேலைத் தூக்கியது. கவிழ்ந்த படகின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். முத்து விடியும் வரை பிடித்திருந்தானாம். ஞாயிற்றுக்கிழமை வீராம்பட்டினத்துக்குத் தெற்கே அவன் உடல் ஒதுங்கியது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் பஞ்சாயத்து கூடியது. மைக்கை என்ன செய்வது என்பதுதான் பேச்சு. மண்ணாங்கட்டி கொட்டகைச் சாவியைக் கொண்டுவந்து ராஜாவின் முன்னால் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. போன் மடியில் இருந்தது. அப்போதும் நிமிடத்துக்கு ஒருமுறை அது அதிர்ந்துகொண்டிருந்தது. அதை அணைக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

ஒருவர், "தெரிஞ்சிக்கிட்டே வாய மூடிக்கிட்டு இருந்தான்," என்றார். இன்னொருவர், "ஐப்பசியில நீங்கதான சிரிச்சீங்க," என்றார். பேச்சு தடித்தது.

வடிவேல் எழுந்தான். உதடெல்லாம் உப்பில் வெடித்திருந்தது.

"போன் அடிச்சிச்சி," என்றான்.

கூட்டம் அடங்கியது.

"டவர் இருந்துச்சி அப்ப. மாமான்னு பேரு வந்துச்சி. அனுப்புனதப் பாத்தியான்னு கேக்கப் போறாருன்னு நெனச்சி சட்டப் பையில போட்டுட்டேன். யாருடா அதுன்னு முத்து கேட்டான். நம்ம டிவிதான்னு சொன்னேன். ரெண்டு பேரும் சிரிச்சோம்."

அவன் உட்கார்ந்துவிட்டான். மண்ணாங்கட்டி தலை நிமிரவில்லை.

பெண்கள் பக்கத்திலிருந்து சுமலதா பேசினாள். பஞ்சாயத்தில் பெண்கள் பேசுவது வழக்கமில்லை. பேச வேண்டாம் என்று அன்று சொல்லத் துணிந்தவரும் இல்லை.

"மைக்க யாரு புடிக்கறதுன்னு எனக்கு அக்கறை இல்ல. ஒண்ணு மட்டும் கேக்கறேன். அன்னிக்கு அஞ்சு மணிக்கு அவரு ஒண்ணும் பேசல. பேசாததுக்கு, போன்னு அர்த்தம்னு யாரு வெச்சது?"

அப்பன் பாட்டன் வைத்தது என்று ஒருவர் மெல்ல ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"மாத்துங்க. மைக்கு வாயத் தொறந்து போன்னு சொன்னாத்தான் போவணும். பேசலன்னா போவக் கூடாது. தூங்கிட்டாரா, செத்துட்டாரா, போன்ல வீடியோ பாத்துக்கிட்டிருக்காரா, எதுவானாலும். வாய் தொறக்கலியா, படகு நவுரக் கூடாது."

ராஜா அவள் பக்கம் திரும்பினார். "மாசத்துல பாதி நாள் போவ முடியாமப் போயிடும்மா," என்றார்.

"போவட்டும்," என்றாள் சுமலதா.

அன்றே அப்படித் தீர்ந்தது. சாவியை யாரிடம் கொடுப்பது என்று ராஜா கேட்டபோது எடுக்க ஆளில்லை. புது ஏற்பாட்டில் தினமும் வாய் திறந்தாக வேண்டும், திறந்ததற்குப் பதில் சொல்லியாக வேண்டும். கடைசியில் சுமலதாதான், "அவருகிட்டயே குடுங்க. இனிமே அவருக்குத் தூக்கம் வராது," என்றாள். மன்னித்துச் சொன்னாளா, தண்டித்துச் சொன்னாளா என்று ஊரில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. அவளிடம் யாரும் கேட்டதில்லை.

குழுக்களை விட்டு வெளியேற மண்ணாங்கட்டிக்கு மூன்று நாள் ஆனது. சேரும்போது ஒரு விரல் போதுமாக இருந்தது. வெளியேறும்போது ஒவ்வொரு முறையும், நிச்சயமாகவா என்று போன் கேட்டது. இதுவரை ஒரு வார்த்தை பேசியறியாத மசூலிப்பட்டினத்து ஆள் ஒருவர் போன் போட்டு, தெலுங்கில் மனம் வருந்தினார். 'உண்மையான கடலோர உண்மைச் செய்திகள்' மட்டும் சிக்கியது. அட்மின் வேலையை வேறு ஒருவர் தலையில் கட்ட வேண்டியிருந்தது. கட்டிக்கொண்டவர் நன்றி சொன்னார்.

கமலக்கண்ணன் சாரைப் பார்க்க ஆபீசுக்குப் போனார்.

"சார், ஒரு நாளைக்கு நீங்க எத்தினி போடுவீங்க?"

"ஒண்ணுதான். மோசமான நாளாயிருந்தா ரெண்டு. ஏன்?"

"மூணு வருசமா அதானா சார்?"

"அதான்."

மண்ணாங்கட்டி அந்தச் செயற்கைக்கோள் பெட்டியை எப்படிப் பொருத்துவது என்று காட்டித் தரச் சொன்னார். ஒரு வாரம் அதைக் கற்றுக்கொண்டார். வேறு எதையும் அந்த வாரத்தில் கற்றுக்கொள்ளவில்லை. அப்புறம் படகு படகாகப் போய்ப் பொருத்தினார். மைக்கில் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒவ்வொரு படகிலும் ஏறி, அந்தப் படகுக்காரரையே ஒரு செய்தி அனுப்பவைத்து, பதில் வரும் வரை கூடவே உட்கார்ந்திருந்தார். இருபத்திரண்டு படகு. முதல் படகு வடிவேலுடையது. கடனில் வாங்கிய புதுப் படகு. திருகாணியை முறுக்கும்போது மச்சானும் மாமனும் பேசிக்கொள்ளவில்லை. ஸ்பானர் மட்டும் கைமாறியது.

புதிது எதையும் தொடமாட்டேன் என்று அவர் ஒதுங்கிவிட்டதாக நினைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைதோறும் காலாப்பட்டிலிருந்து சத்யப்பிரியா வருவாள். ஒரு மணி நேரம் இருவரும் உட்கார்ந்து, புதிதாக என்ன வந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். ஒன்று தேறினால் எடுத்துக்கொள்வார்கள். பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றும் தேறாது. அப்போது அஞ்சலாட்சி மீன் குழம்பை எடுத்துவைப்பாள்.

தை பிறந்து நாலாம் நாள், செவ்வாய்க்கிழமை, நாலரைக்குச் செய்தி வரவில்லை.

நாலே முக்காலுக்கும் வரவில்லை. மண்ணாங்கட்டி கமலக்கண்ணன் சாருக்குப் போட்டார், எடுக்கவில்லை. ஆபீசுக்குப் போட்டார். சாருடைய அம்மாவைக் கதிர்காமம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், அவர் அங்கேதான் இருக்கிறார், வந்துவிடும், கொஞ்சம் பொறுங்கள் என்றார்கள்.

வானம் நீலம். கடல் கோரைப்பாய் விரித்த மாதிரி கிடந்தது. துறைமுகத்தில் புயல் கூண்டு எதுவும் ஏற்றவில்லை. கரையில் பதினெட்டுப் படகுகள் தயாராக நின்றன. பொங்கலுக்குப் பிறகு முதல் நல்ல கடல். இரண்டு நாளாகச் சங்கரா மீன் விழுகிறது என்று தெற்கிலிருந்து தகவல்.

கொட்டகை வாசலில் கூட்டம் கூடியது.

"இன்னாய்யா, வாயத் தொறயேன்."

"செய்தி வரல."

"இதப் பாரு, என் போன்ல பச்சயா இருக்குது. அவன் போன்லயும் பச்ச. இதுக்கு மேல இன்னா வேணும்?"

ஒருவன் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினான். மண்ணாங்கட்டி கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தார். துடைத்து முடித்தும் போட்டுக்கொள்ளவில்லை. கண்ணாடி இல்லாமல் அவருக்கு எழுத்தும் தெரியாது, நிறமும் மங்கல்தான்.

"அன்னிக்கு வெளிய சொல்ல வேண்டியத சொல்லல. இன்னிக்கும் அதே வாய்தான்," என்றார் ஒருவர். குரலில் கிண்டல் இல்லை, உண்மையான வெறுப்பு இருந்தது.

ஐந்து மணி ஆனது. மைக் பேசவில்லை.

எல்லோரும் வடிவேலைப் பார்த்தார்கள். அவன் இறங்கினால் மற்றவர்களும் இறங்கிவிடுவார்கள். பஞ்சாயத்துத் தீர்ப்புக்கு ஒன்றரை மாத வயதுதான். உடைப்பது பெரிய வேலை அல்ல. வடிவேல் தன் படகின் ஓரத்தில் கை வைத்துக்கொண்டு கடலையே பார்த்தான். பிறகு ஏறி, வலையை அள்ளி மணலில் போட ஆரம்பித்தான். முதலில் பக்கத்துப் படகு, அப்புறம் அதற்கடுத்தது. ஆட்கள் திட்டிக்கொண்டேதான் இறக்கினார்கள். சுமலதா அந்த வழியாகத் தண்ணீர்க்குடத்தோடு போனாள். அவள் இப்போது அஞ்சலாட்சியோடு மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். படகு போகாவிட்டால் நாளைக்கு அவளுக்கும் கூடை காலி. நிற்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை.

ஏழு மணி ஆகப் பத்து நிமிடம் இருக்கும்போது போன் ஒரு தடவை அதிர்ந்தது. மண்ணாங்கட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பிறகு எழுந்து கரைக்கு நடந்தார். வடிவேல் மட்டும் இருந்தான். வலை போட இறங்கும் நேரம் எப்போதோ தாண்டியிருந்தது. போனை அவனிடம் கொடுத்தார்.

கடலில் எச்சரிக்கை ஏதும் இல்லை. மீன்பிடிக்கச் செல்லலாம். தாமதத்துக்கு வருந்துகிறேன்.

வடிவேல் இரண்டு முறை படித்தான். சங்கரா மீன் விழும் கடல் இருட்டில் அமைதியாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.

"நல்ல கடலுதான் மாமா," என்றான்.

"ஆமாண்டா. நல்ல கடலுதான்."

"காலைல கிழிகிழின்னு கிழிப்பானுங்க."

"கிழிக்கட்டும்."

வடிவேல் போனைத் திருப்பிக் கொடுத்தான். மணலில் கிடந்த வலையின் ஒரு முனையை எடுத்து நீட்டினான். மண்ணாங்கட்டி இடது கையால் வாங்கிக்கொண்டார். பனியில் நனைந்துவிடாமல் இருக்க, இருவரும் அதை மடிப்பு மடிப்பாக மடித்துத் தார்ப்பாய்க்குள் வைத்தார்கள்.